முயல், கினிபிக், ஹம்ஸ்டர்: திருமலையில் சின்னப் பிராணிகளைத் தத்தெடுக்கவும் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை உப்புவெளியில் ஒரு குடும்பம் வெளிநாடு புறப்பட்ட கிழமை, இரண்டு முயல்கள் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் என் வீட்டுக்கு வந்தன. "இரண்டும் பெட்டைதான் அக்கா, பயமில்லை" என்று சொல்லிப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அந்த வீட்டுப் பையன் ஓட்டோவில் ஏறிவிட்டான். அன்றிரவே கொழும்புக்குப் போகிற அவசரம் அவர்களுக்கு. நானும் மேலே எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் பார்த்தால், கூட்டின் மூலையில் பிடுங்கிப் போட்ட உரோமத்துக்குள் ஆறு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. இரண்டில் ஒன்று கடுவன். முயல் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினைப்படக்கூடியது. அது எனக்குத் தெரிய வந்தபோது பிந்திவிட்டது. அடுத்த மாதம் இன்னும் ஏழு.

அந்தப் பெட்டியோடு ஒரு துண்டுக் கடதாசி வந்திருந்தால் போதும். எப்போது வாங்கியது, கடுவனா பெட்டையா என்று யார் பார்த்துச் சொன்னது, இரண்டும் ஒரே கூட்டில் இருந்தனவா, என்ன தின்னும், எதற்குப் பயப்படும். இவ்வளவுதான். பிராணி தானாக வந்து சொல்லாது. அதை அறிந்த ஒரேயொரு வீடு கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் அதைப் பற்றித் தெரிந்த எல்லாமே அதோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு, கையெழுத்தில் ஒரு குறிப்பு இல்லாமல் நான் எந்தப் பிராணியையும் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. எடுக்கிறவர்களுக்கும் கொடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இன்றைக்கு எடுக்கிறவர் ஒருநாள் கொடுக்க வேண்டியும் வரலாம்.

படி 1: எந்தப் பிராணி உங்கள் வீட்டுக்குச் சரி

முதலில் ஆயுளைக் கணக்குப் பாருங்கள். வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டு வரை இருக்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதுகிற பிள்ளைக்கு ஆசையாகக் கொண்டுவந்த முயல், அந்தப் பிள்ளை ஏ.எல். எழுதும்போதும் வளவில்தான் இருக்கும். கினிபிக் 5 முதல் 8 ஆண்டு. ஹம்ஸ்டர் இரண்டு, மிஞ்சினால் மூன்று. நாங்கள் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற சின்னக் குருவிகள் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜிகள். அவையும் நன்றாகப் பார்த்தால் 5 முதல் 10 ஆண்டு இருக்கும்.

அடுத்தது சுபாவம். முயலைப் பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும், ஆனால் அதற்குத் தூக்குவது பிடிக்காது. உயரத்தில் பிடித்தால் உதறும், உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் முயலைவிடக் கினிபிக்கைத்தான் சொல்லுவேன். அது சத்தம் போட்டுக் கதைக்கும், ஆளை அடையாளம் கண்டுகொள்ளும், பயந்தாலும் அதிகம் கடிக்காது. ஆனால் தனியாக இருக்காது, துணை வேண்டும். ஹம்ஸ்டர் நேர்மாறு. சிரியன் வகை ஹம்ஸ்டரை இன்னொன்றோடு விட்டால் சண்டை பிடித்துச் சாகும். அது பகலில் தூங்குகிற பிராணி; பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எழுப்பினால் விரலைக் கடிக்கும், பிழை ஹம்ஸ்டருடையது அல்ல.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்ப் பத்து நாள் நிற்கிற வீடு என்றால், அந்தப் பத்து நாளும் காலையும் மாலையும் வந்து தண்ணீர் மாற்றப்போவது யார் என்பதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். "பக்கத்து வீட்டில் பார்ப்பார்கள்" என்பது பெயர் அல்ல.

இன்னொன்று, காட்டுப் பிராணி தத்தெடுக்கிற பிராணி அல்ல. எங்கள் பக்கத்து வறண்ட காடுகளில் நட்சத்திர ஆமை உண்டு. ரோட்டோரத்தில் கண்டால் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. 2019இல் உலக வணிகத் தடைப் பட்டியலிலும் உச்ச நிலைக்கு ஏற்றப்பட்டது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தேவாங்கும் அப்படித்தான். காயப்பட்ட காட்டுப் பிராணியைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

படி 2: காப்பகத்தில் என்ன கேட்பது

இலங்கையில் விலங்குக் காப்பகங்கள் பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும் உருவானவை. முயலும் கினிபிக்கும் அங்கே வந்தாலும், குரைக்கிற நாய்களுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்திருக்க முடியாது. ஆகையால் தொண்டர் ஒருவரின் வீட்டில் தற்காலிகமாக விட்டிருப்பார்கள். நேரே போய் நிற்காமல் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். காப்பகத்தில் இல்லையென்றால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் தனியார் மிருக வைத்தியர்களிடமும் சொல்லிவையுங்கள். வேண்டாம் என்று விட வருகிறவர்களை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. எங்கிருந்து, ஏன் வந்தது? இப்போது என்ன தின்கிறது? இந்த இரண்டரை மாதத்துக்குள் எதிர்ப்பாலோடு ஒன்றாக இருந்ததா? வைத்தியம் ஏதும் செய்தார்களா, என்ன மருந்து? பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லுகிற இடத்தை நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் உடனே "ஓம், ஓம், பிரச்சினை இல்லை" என்கிற இடத்தில்தான் கவனம் தேவை.

அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள், வீடு பார்க்க வருவார்கள். அதில் கோபப்படாதீர்கள். கேள்வியே கேட்காமல் தருகிற இடத்தைவிட அது எவ்வளவோ மேல்.

படி 3: கையில் வாங்குமுன் பார்க்க வேண்டியது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணில் நீர் வடிகிறதா, மூக்கு நனைந்திருக்கிறதா, பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா? முயலின் காதோரம், மூக்கு நுனி, பாத விரல்களில் சாம்பல் நிறப் பொருக்கு இருந்தால் அது சொறி. வைத்தியரிடம் காட்டினால் மாறும், ஆனால் அது வரைக்கும் மற்றப் பிராணிகளோடு சேர்க்க முடியாது. உங்களுக்கும் கையில் அரிப்பு வரும். முன்பற்களைப் பாருங்கள். முயல், கினிபிக் இரண்டின் பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் நேராகச் சந்தித்து உரசினால்தான் தேயும். கோணலாக வளர்ந்த பல் வாழ்நாள் முழுக்க வைத்தியச் செலவு.

இனி கடுவனா பெட்டையா என்ற விஷயம். சின்னப் பிராணிகள் வீடில்லாமல் போவதற்கு நான் கண்ட முதற்காரணம் இதில் விடுகிற பிழைதான், அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன். முயலை மடியில் மல்லாத்தி, பின்பக்கத்தைத் துணியால் தாங்கிக்கொண்டு, வால் பக்கத்துத் துவாரத்துக்கு மேலே விரலால் மெதுவாக அழுத்துங்கள். கடுவனுக்குக் குழாய் போல் உருண்டு வெளியே வரும், நுனியில் வட்டமான துளை. பெட்டைக்கு நீளமான பிளவு மட்டும் தெரியும். எட்டுக் கிழமைக்கு முன் இதை உறுதியாகச் சொல்வது பழகினவர்களுக்கே கஷ்டம். கினிபிக்கில், பெட்டைக்கு மடிப்புகள் மூன்று பக்கம் பிரிகிற கிளை போல இருக்கும். கடுவனுக்கு ஒரு புள்ளியும் அதன் கீழ் ஒரு கோடும். ஹம்ஸ்டரில் இரண்டு துவாரங்களுக்கும் இடையிலான தூரம் கடுவனுக்குக் கூட. வளர்ந்த பட்ஜியில் மூக்கடி (அலகுக்கு மேலே மூக்குத் துவாரம் இருக்கிற இடம்) நீலம் என்றால் சேவல், கபிலம் என்றால் பெட்டை. குஞ்சிலும் வெள்ளை, மஞ்சள் பறவைகளிலும் இதை நம்ப முடியாது.

கினிபிக் பெட்டை நாலு கிழமையிலேயே சினைப்படக்கூடும், கடுவன் குட்டி மூன்று கிழமையிலேயே தயார். தாயோடு விட்ட கடுவன் குட்டி தாயையே சினைப்படுத்தும். அதனால் "குட்டிதானே, பிறகு பிரிக்கலாம்" என்று விடக்கூடாது.

முயல்களில் கடுவனுக்கு விதை எடுப்பது சிறிய சத்திரசிகிச்சை. செய்யத் தெரிந்த வைத்தியர் கிடைத்தால் செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் நாலு முதல் ஆறு கிழமைக்குப் பெட்டையிடமிருந்து பிரித்தே வைத்திருக்க வேண்டும். நாய் பூனைக்குச் சொல்வது போல் முதல் நாள் இரவு பட்டினி போடச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, பட்டினிதான் அதற்கு ஆபத்து.

படி 4: கூடு, எல்லாவற்றுக்கும் முன் வெயில்

திருமலையில் சின்னப் பிராணி வளர்ப்பதென்றால் வெயிலோடு போட்டிதான். முயலுக்குச் சுகமான வெப்பநிலை 15 முதல் 20 பாகை. 28, 30ஐத் தாண்டினாலே தவிக்கும். இங்கே வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பகலில் 34, 35 சர்வசாதாரணம், அந்தக் காற்றே அடுப்பங்கரைக் காற்றுப் போல இருக்கும். முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். கினிபிக்குக்கு அந்தக் காதும் சின்னது.

ஆகவே தகரக் கூரை வேண்டாம். கிடுகு போல் வராது. தகரம் ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் இரண்டு அடுக்குக் கிடுகு போட்டு, இடையில் கை நுழைகிற அளவு காற்றுக்கு இடம் விடுங்கள். வேப்பமரத்துக் கீழே, வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வைத்தால் பின்னேர வெயில் படாது. மத்தியானத்தில் காற்று வருகிற பக்கம் நனைத்த சாக்குத் தொங்கவிடுங்கள். ஐஸ் கட்டின தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் முயல் அதில் சாய்ந்து படுக்கும். வாய் அகன்ற மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து ஒரு பக்கம் உடைத்து வாசல் விட்டால், கினிபிக்குக்குக் குளிர்ச்சியான வீடு. கரண்ட் போகிற நேரத்திலும் இவை எல்லாம் வேலை செய்யும். மின்விசிறியை மட்டும் நம்பியிருக்கிற கூடு செய்யாது.

வாய் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் வழிந்தால், காது சிவந்து சுட்டால், கூப்பிட்டும் எழும்பாமல் நீட்டிப் படுத்திருந்தால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே வைத்தியரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது. அந்த அதிர்ச்சியே உயிரை எடுக்கும்.

அளவு. முயல் மூன்று எட்டுத் தாவவும், பின்னங்காலில் நிமிர்ந்தால் காது கூரையில் படாமலும் இருக்க வேண்டும். இரண்டு கினிபிக்குக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடித் தரை. ஹம்ஸ்டருக்கு ஆறு அங்குல ஆழத்துக்காவது தோண்டுவதற்கு மரத்தூள், ஓடுவதற்கு இடைவெளி இல்லாத சக்கரம். எங்கள் பக்கம் முயலுக்குச் செய்கிற கூடுகளின் தரை பெரும்பாலும் வெறும் கம்பி வலை. எச்சம் கீழே விழும், வேலை குறையும், ஆனால் குதிகால் புண்ணாகிவிடும். பாதித் தரைக்காவது பலகை போட்டு அதன் மேல் சாயம் போடாத பனையோலைப் பாய்த் துண்டு விரியுங்கள். கொறித்தாலும் குற்றமில்லை.

சுவர் வலை அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. எலி, சாரை, கீரி, பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை எல்லாம் இரவில் வரும். எறும்புக்காகக் கூட்டின் கால்களைச் சிரட்டையில் தண்ணீர் விட்டு வைக்கிற பழக்கம் நல்லதுதான். ஆனால் வெறும் தண்ணீர் என்றால் நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கேட்டால் பதிலும் இருக்காது. சிறிது பழைய எண்ணெய் விடுங்கள். கார்த்திகை மார்கழி மாரியில் சாரல் பக்கத்துக்குப் படங்கு கட்ட வேண்டும், காற்று போகிற மேல் இடைவெளியை மட்டும் மூடாமல்.

படி 5: கொண்டுவருகிற நாள்

காலை எட்டு மணிக்குள் வீடு வந்து சேருகிற மாதிரிப் புறப்படுங்கள். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வருவதென்றால் இன்னும் வெள்ளென. சன நெருக்கமான பஸ் வேண்டாம். காற்றுத் துளை போட்ட உறுதியான பெட்டி, அடியில் துவாய், ஒரு பிடி புல். தண்ணீர்க் கோப்பை சிந்தி நனைக்கும். அதற்குப் பதிலாக வெள்ளரித் துண்டு ஒன்று வையுங்கள். முயலைக் காதில் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றது பின்பக்கத்துக்குக் கீழே.

பழைய கூட்டில் கிடந்த அழுக்குப் புல் ஒரு பிடி கேட்டு வாங்குங்கள். புதுக் கூட்டின் மூலையில் அதைப் போட்டால் தன் மணம் இருக்கிறது என்று அடங்கும். அப்புறம், அந்தக் கடதாசி. குறிப்பு இல்லையென்றால் அங்கேயே இருந்து நீங்கள் கேட்க, அவர்கள் சொல்ல, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் இரண்டு கிழமை

முதல் மூன்று நாள் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய சோதனை. கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து பாடம் படிக்கட்டும், குரல் பழகட்டும். குளிக்க வார்க்கக்கூடாது. வீட்டில் ஏற்கெனவே வேறு முயலோ கினிபிக்கோ இருந்தால் பதினான்கு நாள் வேறு இடத்தில் வைத்து, பழையதைக் கவனித்த பிறகு புதியதைக் கவனியுங்கள்.

சாப்பாடு, பழைய வீட்டில் தின்றது எதுவோ அதுவே, அது சரியில்லாத சாப்பாடாக இருந்தாலும். பிறகு ஏழு முதல் பத்து நாளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் குடல் நின்றுவிடும்.

முயலும் கினிபிக்கும் தின்பதில் ஐந்தில் நாலு பங்கு புல்லாக இருக்க வேண்டும். இறக்குமதி உலர்புல் விலைக்கு எல்லோராலும் முடியாது. ஆனால் இந்த ஊர் வெயிலில் ஒரு நன்மை உண்டு: கினிப்புல்லையோ அறுகம்புல்லையோ வெட்டி நிழலில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். கச்சான் காலத்தில் காயவைத்துச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்தால் மாரிக்கு உதவும். பூஞ்சணம் பிடித்த மணம் வந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள். புல்லை ரோட்டோரத்திலும் மருந்தடித்த வயல் வரம்பிலும் வெட்டாதீர்கள். தம்பலகாமம் பக்கத்து வைக்கோல் படுக்கைக்கு அருமை. சாப்பாட்டுக்குச் சத்துப் போதாது.

கங்குன், வல்லாரை, பொன்னாங்காணி கழுவித் தண்ணீர் வடியவிட்டு ஒரு பிடி. ஈரமாகக் கட்டுக்கட்டாகக் கங்குன் போடுவதுதான் எங்கள் வீடுகளில் முயலுக்கு வயிற்றோட்டம் வருவதற்குப் பெரிய காரணம். கரட் இனிப்புப் பண்டம் மாதிரி, விரல் நுனியளவு. பாண், சோறு, பிஸ்கட் வேண்டாம். இப்பில் இப்பில் இலையில் உள்ள மிமோசின் முயலின் உரோமத்தைக் கொட்டவைக்கும். வெங்காயம், உள்ளி, பட்டர்ப்பழம், அலரி, எருக்கலை எல்லாம் நஞ்சு. கோழித்தீனும் வேண்டாம், கோழிக்குச் சேர்க்கிற சில மருந்துகள் முயலையும் கினிபிக்கையும் கொல்லும்.

கினிபிக்கின் உடம்பு, எங்களுடையதைப் போலவே, விற்றமின் சீயைத் தானாகச் செய்யாது. நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், உரோமம் கலையும், நடக்காது. இதற்கு மருந்துக்கடைக்குப் போகத் தேவையில்லை: பெருவிரல் நுனியளவு கொய்யாத் துண்டு, சுமார் 10 கிராம், ஒரு நாளுக்குக் காணும்.

சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். இந்தப் பிராணிகள் வருத்தத்தை மறைக்கும். எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். எச்சத்தையும் பாருங்கள். உருண்டையாக, உலர்ந்து, ஏராளமாக இருக்க வேண்டும். முயல் இரவில் மென்மையான ஒருவகை எச்சத்தைத் தானே எடுத்துத் தின்னும், அது இயற்கை, தடுக்காதீர்கள். ஆனால் 12 மணிநேரம் எதுவும் தின்னாமல், எச்சமும் போடாமல் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. அன்றைக்கே வைத்தியர். பின்பக்கம் ஈரமாக இருந்தால் இலையான் முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கும்; மழைக்காலத்தில் தினமும் திருப்பிப் பாருங்கள்.

மருந்து பற்றி மிகவும் கவனமாகச் சொல்கிறேன். வீட்டில் மிஞ்சின அமொக்சிசிலின் பாணியை ஊட்டாதீர்கள். வாய்வழி கொடுக்கிற பெனிசிலின் வகை, முயல், கினிபிக், ஹம்ஸ்டர் மூன்றின் குடலிலுமுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரை எடுக்கும். நாயின் உண்ணிக்குப் போடுகிற ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. அரச கால்நடை வைத்தியர்களுக்கு மாடு, ஆடு, நாய்தான் அன்றாடம், அதனால் முன்கூட்டியே, பிராணி சுகமாக இருக்கும்போதே போய், "முயல் பார்ப்பீர்களா டொக்டர்?" என்று கேட்டு வையுங்கள். சிக்கலான வருத்தம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. எது கடித்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்துகிற இரவுகளில் கூட்டை வீட்டுக்குள் எடுத்து, ஒரு பக்கத்தைத் துணியால் மூடிவிடுங்கள்.

படி 7: கொடுக்க வேண்டி வந்தால்

கொடுப்பது குற்றம் அல்ல. விசா வந்துவிட்டது, இடமாற்றம் வந்துவிட்டது, பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஆனால் சில காரணங்கள் கொடுக்காமலே தீரும். மூத்திரம் பீச்சுகிற, கடிக்கிற கடுவனுக்கு விதை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். நாற்றம் என்றால் கூட்டின் அளவையும் கழுவுகிற முறையையும் பாருங்கள்.

கொடுப்பதென்று முடிவெடுத்தால் அன்றைக்கே கடுவனையும் பெட்டையையும் பிரியுங்கள். இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள், கினிபிக்குக்கு 59 முதல் 72 நாள். பிரித்து அவ்வளவு நாள் கழிந்தால்தான் "வயிற்றில் இல்லை" என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே பயணத்துக்கு முதல் கிழமை அல்ல, முயலுக்கு ஒன்றரை மாதம், கினிபிக்குக்கு இரண்டரை மாதம் முன்பே தொடங்குங்கள். பழகின இரண்டு பெட்டை முயல்களையோ, ஒரே பாலான இரண்டு கினிபிக்குகளையோ பிரித்துக் கொடுக்காதீர்கள்.

காப்பகத்தில் சேர்ப்பதென்றால் கேட்டு, நாள் குறித்து, நேரில் கொண்டுபோங்கள். இரவில் வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போனால் விடியுமுன் நாயோ காகமோ கண்டுவிடும். நீங்களே ஆள் தேடுவதென்றால் "சும்மா தருகிறோம்" என்று அறிவித்தல் போடாதீர்கள். எங்கள் பக்கம் முயலை இறைச்சிக்கும் வளர்க்கிறார்கள். அது அவர்கள் தொழில். ஆனால் பெயர் சொன்னால் ஓடிவருகிற முயலை அங்கே அனுப்ப உங்களுக்கு மனம் வராது. அதனால் வெட்கப்படாமல் நேரே கேளுங்கள்: எதற்கு எடுக்கிறீர்கள்? கூடு தயாரா, படம் அனுப்புவீர்களா? வீட்டில் நாய் உண்டா? யார் கழுவுவார்கள்? உங்கள் முகவரியை அறிவித்தலில் போடாமல், நீங்கள் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூட்டை வைத்திருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்தால் பத்துக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

சிலர் கோட்டைக்குள் கொண்டுபோய் விட்டால் மான்களோடு புல் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் புள்ளிமான்களைப் பார்த்துப் பழகின ஊர், அந்த எண்ணம் வருவது விளங்குகிறது. ஆனால் வீட்டு முயல் காட்டு முயலின் இனமே அல்ல. கீரிக்கும் பருந்துக்கும் தெரு நாய்க்கும் ஒளியத் தெரியாது, வெள்ளை நிறம் என்றால் ஒரு இரவுகூடத் தாங்காது. வளர்ப்புப் பிராணியை இப்படிச் சாகவிடுவது கொடுமைதான். விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்க 1907இலிருந்தே இந்த நாட்டில் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

கையோடு அனுப்பும் கடதாசியை எப்படி எழுதுவதென்று கேட்பவர்களுக்கு, நான் கடைசியாக எழுதினது இது:

"கருப்பன். கடுவன் முயல், ஏறக்குறைய 3 வயது. விதை எடுத்தாகிவிட்டது, தைமாதம். எடை 1 கிலோ 900. காலை 6 மணிக்கு ஒரு பிடி வல்லாரையோ பொன்னாங்காணியோ, நாள் முழுக்க உலர்புல், பின்னேரம் பச்சைப்புல். கங்குன் வேண்டாம், வயிற்றோட்டம் வரும். முன்பு காதில் சொறி, ஊசி போட்டு மாறியது, இடது காதைத் தொட்டால் இன்னும் உதைக்கும். தும்புத்தடிக்குப் பயம். தூக்கினால் பிடிக்காது, தரையில் இருந்தால் தானே மடிக்கு வரும். பெட்டைகளோடு விடலாம், இன்னொரு கடுவனோடு விடாதீர்கள். பார்க்க முடியாமல் போனால் விற்கவோ வேறு ஆளுக்குக் கொடுக்கவோ வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள், வந்து எடுப்பேன்."

எடுக்கிறவர் சிங்கள வீட்டுக்காரர் என்றால் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள், குறைந்தது கீரைகளின் பெயர்களையும் மருந்தின் பெயரையும். வெளிநாடு போகிறவர்கள் "வந்து எடுப்பேன்" என்ற வரியில் இங்கே இருக்கிற ஒருவரின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு கிழமைக்குப் போதுமான பழைய சாப்பாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டாம் நாள் ஒருமுறை அழைத்து, தின்றதா, எச்சம் போட்டதா என்று மட்டும் கேளுங்கள். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் இன்னொரு தரம். புது வீட்டாருக்குக் கேள்வி இருக்கும், ஆனால் தாங்களாக அழைக்கக் கூச்சப்படுவார்கள்.

கருப்பன்தான் அன்றைக்கு உப்புவெளியிலிருந்து பெட்டையென்று வந்தவன். இப்போது பாலையூற்றில் ஒரு வீட்டில் இருக்கிறான். முப்பதாம் நாள் போனபோது அந்தக் கடதாசியைக் கூட்டின் கதவில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். என் எழுத்துக்குக் கீழே, அந்த வீட்டுப் பிள்ளையின் கையெழுத்தில் பென்சிலால் இரண்டு வரி சேர்ந்திருந்தது: "தும்புத்தடிக்கு இப்போது பயம் இல்லை. மழை இரைந்தால் அம்மம்மாவின் கதிரைக்குக் கீழே போய் இருக்கும்."